22 வளைவும் ஒரு கம்பியும்

பொன்முடியில் இப்போது இரண்டு வகை மனிதர்கள் நடமாடுகிறார்கள். ரேஞ்ச் கிடைக்காத இடம் வேண்டும் என்று காசு கொடுத்துக் கீழேயிருந்து ஏறி வருகிறவர்கள் ஒரு வகை. ரேஞ்ச் கிடைக்கிற இடம் தேடி, போனை வானத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இன்னும் மேலே ஏறுகிறவர்கள் மறு வகை. முதல் வகையினர் திருவனந்தபுரத்திலிருந்து கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர் பயணம் செய்து, நெடுமங்காடு, விதுரா, கல்லாறு எல்லாம் கடந்து, 22 கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்கிறவர்கள். மறு வகையினர் அங்கேயே பிறந்தவர்கள். நான் பிறப்பால் இரண்டாம் வகை, பிழைப்பால் முதல் வகை.

அதனால்தான் அக்கா வீட்டுக்கு நெட் போடுவது என்று முடிவானபோது கம்பெனி பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "எலே, நீ பட்டணத்துல கெடக்கவன். நாலையும் பாத்து நல்லதா ஒண்ணச் சொல்லு" என்றாள். பெண்ணுக்கு மாப்பிள்ளையைக்கூட நாலு இடம் பார்க்காமல் முடித்த குடும்பம் எங்களுடையது. செய்தி போய்ச் சேர்கிற விஷயத்தில் நாலு இடம் பார்க்கிற பழக்கம் எங்களுக்கு எங்கிருந்து வரும்? பார்க்க நாலு இடம் எப்போது இருந்தது?

எங்கள் சிறுவயதில் பொன்முடியில் எங்கள் சரிவில் டெலிபோன் இருந்தது தேயிலை எஸ்டேட் ஆபீஸிலும் மேனேஜர் பங்களாவிலும்தான். அப்பா ஆபீஸில் ரைட்டர். மஸ்டர் எடுப்பது, கொழுந்து எடை எழுதுவது, சம்பளப் பட்டியல் போடுவது எல்லாவற்றோடும் அந்தக் கறுப்பு டெலிபோனுக்குக் காவல் இருப்பதும் அவர் உத்தியோகத்தில் சேர்த்தி. நாகர்கோவில் பக்கமோ அம்பாசமுத்திரம் பக்கமோ சொந்தத்தில் யாராவது தவறிவிட்டால் செய்தி அதன் வழியாகத்தான் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு வரும். நல்ல செய்திக்கு யாரும் போன் போட மாட்டார்கள். பிள்ளை பிறந்ததற்கும் கல்யாணம் நிச்சயமானதற்கும் தபால் கார்டு போதும். ஆபீஸ் பையன் லயத்தை நோக்கி ஓடி வந்தால், யார் பெயரைச் சொல்லப் போகிறான் என்று தெரிவதற்கு முன்பே நாலு வீட்டில் ஒப்பாரிக்கு இடுப்பைக் கட்டிவிடுவார்கள்.

அந்தக் காலத்திலும் 'பிளான்' இருந்தது. டிரங்க் கால் பதிவு செய்ய மூன்று வகை: ஆர்டினரி, அர்ஜெண்ட், லைட்னிங். அர்ஜெண்டுக்கு இரட்டிப்புக் கட்டணம். லைட்னிங்குக்கு எட்டு மடங்கு. எதை எடுப்பது என்று ஒப்பிட்டுப் பார்க்க நோட்டுப் புத்தகம் தேவைப்படவில்லை. அர்ஜெண்ட் போட்டால் எடுப்புக்குப் போய்ச் சேரலாம், ஆர்டினரி போட்டால் பதினாறாம் நாளுக்குப் போகலாம் என்பது லயத்துக் கணக்கு. லைட்னிங் போட்ட ஆளை நான் பார்த்ததில்லை. அது மேனேஜர் துரைக்கும் மந்திரிமாருக்கும் என்று விட்டுவிட்டோம்.

கம்பெனி ஒன்றே ஒன்று, அதுவும் சர்க்கார். முதலில் தபால் தந்தித் துறை. 1985-இல் தபால் ஒரு பக்கம், தொலைபேசி ஒரு பக்கம் என்று அது பாகம் பிரிந்தது. 2000 அக்டோபர் 1-ஆம் தேதி தொலைபேசிப் பக்கம் பிஎஸ்என்எல் என்று பெயர் மாற்றிக்கொண்டது. வீட்டுக்குப் போன் வேண்டுமென்றால் எழுதிக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மகள் பிறந்ததும் விண்ணப்பம் போட்டால் அவள் பேசக் கற்றுக்கொள்ளும்போது போனும் வந்துவிடும் என்று நாடு முழுக்கச் சொன்ன ஜோக்கை எங்கள் ஊரில் யாரும் சொன்னதில்லை. அங்கே விண்ணப்பம் போடும் தைரியமே யாருக்கும் இருந்ததில்லை.

ஆனால் அந்தக் கறுப்புப் பெட்டியிடம் ஒரு குணம் இருந்தது. ஊரே இருட்டில் கிடந்தாலும் அது பேசும். அதற்கு வேண்டிய மின்சாரம் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் 48 வோல்ட் பேட்டரியிலிருந்து அதே செப்புக் கம்பி வழியாக வந்துவிடும். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து கரண்ட் போய், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அப்பா டயலைச் சுற்றிக்கொண்டிருப்பார். இன்றைக்கு அக்கா வீட்டில் இருக்கும் கண்ணாடி இழை, பழைய கம்பி கனவிலும் காணாத வேகத்தில் ஓடுகிறது. கரண்ட் போன மறு நொடி மோடம் கண்ணை மூடிக்கொள்கிறது. இழையில் வருவது வெறும் ஒளி. மோடத்துக்குச் சோறு போட அதனால் முடியாது. விளம்பரத்தில் எந்தக் கம்பெனியும் இதைச் சொல்வதில்லை. மோடத்துக்கென்று தனியாக ஒரு சின்ன யுபிஎஸ் வாங்குங்கள் என்று கடைக்காரர்தான் சொல்வார். சொல்வதோடு, விற்கவும் விற்பார்.

இன்டர்நெட் என்ற சொல் எங்கள் குடும்பத்துக்குள் வந்தது நான் திருவனந்தபுரத்தில் அறை எடுத்துத் தங்கிய பிறகு. அரசுக் கம்பெனியான விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15-ஆம் தேதி நாட்டில் இணையத்தைத் திறந்துவிட்டபோது சென்னை, மும்பை, டெல்லி, கல்கத்தா என்று பெரிய ஊர்கள்தான் கணக்கில் இருந்தன. மாணவர்களுக்கு வருடத்துக்கு 500 ரூபாயில் ஒரு கணக்கு கொடுத்தார்கள். அதில் படம் வராது, எழுத்து மட்டும். சுதந்திர தினத்தன்று கிடைத்த சுதந்திரம் என்பதால் யாரும் குறை சொல்லவில்லை. 1998 நவம்பரில் தனியாருக்கும் கதவு திறந்தது. சத்யம் ஆன்லைன் முதலில் நுழைந்தது. அன்றுதான் இந்தியக் குடும்பஸ்தனுக்கு 'எந்த நெட் நல்ல நெட்?' என்ற கேள்வி பிறந்தது. அதற்கு முன் நாம் கடவுளைப் பற்றி மட்டும்தான் இந்த ரீதியில் வாதம் செய்துகொண்டிருந்தோம்.

டயல்-அப் நாள்களில் நெட்டை மணிக்கணக்கில் வாங்கினோம். கூப்பன் மாதிரி அட்டை, அதைச் சுரண்டினால் ஓர் எண். மோடம் ஒரு முறை கரகரத்து, ஒரு முறை கூவி, பிறகு பெருமூச்சு விட்டால் இணைப்பு வந்துவிட்டது என்று பொருள். அதன் உச்ச வேகம் 56 கேபிபிஎஸ். பாட்டு ஒன்று இறங்கக் கால் மணி நேரம். அதற்குள் யாராவது வீட்டுக்குப் போன் போட்டால் 'என்கேஜ்டு' சத்தம் கேட்கும். நெட்டுக்குத் தனி, போன் பில்லுக்குத் தனி என்று இரண்டு பக்கமும் காசு ஓடும். கம்பெனிகளை ஒப்பிட்டோம்தான். ஆனால் எந்தக் கம்பெனியின் அட்டையைச் சுரண்டினாலும் வீட்டுக்குள் வருவது அதே சர்க்கார் போன் கம்பி. கடை மாறினாலும் பாதை மாறவில்லை. இந்த வாக்கியத்தைப் பின்னால் எடுத்து உபயோகிக்க வேண்டியிருக்கும்.

2004-இல் மத்திய அரசு அகலப்பாட்டைக் கொள்கை என்று ஒன்றை வெளியிட்டு, 256 கேபிபிஎஸ் இருந்தால் அதற்குப் பெயர் பிராட்பேண்ட் என்று நிர்ணயித்தது. 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தது. மாதம் 250 ரூபாய்க்கு 400 எம்பி. அதைத் தாண்டினால் ஒவ்வொரு எம்பிக்கும் தனிக் காசு. இப்போது உட்கார்ந்து கணக்குப் போட்டால் வேடிக்கையாக இருக்கிறது. 256 கேபிபிஎஸ் வேகத்தில் நிறுத்தாமல் இறக்கினால் அந்த 400 எம்பியும் மூன்றரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஒரு மாதத்துச் சோற்றை ஒரு மத்தியானத்தில் தின்றுவிடக் கூடிய வேகத்தைக் கொடுத்துவிட்டு, மெதுவாகச் சாப்பிடு என்று சொன்னார்கள். நாங்களும் படங்களை அணைத்து வைத்துவிட்டுப் பக்கங்களைப் படித்தோம்.

500 ரூபாய் பிளானில் ஒரு வரம் இருந்தது. இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை கணக்கே கிடையாது. அந்தக் காலத்தில் திருவனந்தபுரத்தில் இரவு 2 மணிக்கு விழித்திருந்தவர்கள் போலீஸ்காரர்களும், பால் வண்டிக்காரர்களும், இந்தப் பிளான் எடுத்தவர்களும்தான். அலாரம் வைத்து எழுந்து, இறக்க வேண்டியதை வரிசையாக ஏவிவிட்டு, மறுபடி படுத்து, எட்டு மணிக்கு முன்பு பதறி எழுந்து துண்டிப்போம். அன்று எங்களுக்கு வந்த தூக்கமின்மைக்குக் காரணம் நெட் குறைவாக இருந்தது. இன்று வரும் தூக்கமின்மைக்கு அது குறைவில்லாமல் இருப்பது காரணம்.

மலைக்கு இதெல்லாம் வரவில்லை. நகரத்தில் கேபிள் டிவி கம்பியிலேயே ஏசியாநெட் நெட் கொடுத்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து நாட்டையே போனுக்குள் இழுத்துப் போட்டது. அக்கா வீட்டில் மட்டும் ஜன்னல் ஓரத்தில் ஒரு கோடு, பாறைமேல் இரண்டு கோடு. 2019 செப்டம்பரில், விடுதியில் போனுக்குத் தடை போட்டதை எதிர்த்து ஒரு கல்லூரி மாணவி தொடுத்த வழக்கில், இணையத்தைப் பயன்படுத்துவது அடிப்படை உரிமை என்று கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த வருடம் கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடக்க, ஜூன் 1-ஆம் தேதி கைட் விக்டர்ஸ் சானலில் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் ஆரம்பித்தன. பாடம் டிவியில், வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில். அக்காவின் பேத்தி அந்த மழைக்காலம் முழுக்கப் பாறைக்கு ஏறி இறங்கினாள். ஒரு கையில் குடை, மறு கையில் போன், காலில் அட்டை. உரிமை நீதிமன்றத்தில் கிடைத்துவிட்டது, ரேஞ்ச்தான் கிடைக்கவில்லை.

மூடுபனி இறங்கினால் ரேஞ்ச் போய்விடும் என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். பனியின்மேல் பழியைப் போடுவது எளிது, அது மறுத்துப் பேசாது. உண்மையில் செல்போன் அலைகளைப் பனி அவ்வளவாகத் தடுப்பதில்லை. நடுவில் நிற்கும் மலைதான் தடுக்கிறது. அதோடு, கரண்ட் போய் டவரின் பேட்டரியும் இறங்கிவிட்டால் கதை முடிந்தது. பனியும் மின்வெட்டும் ஒரே நாளில் வருகிற ஊரில் பனி ஜெயிலுக்குப் போகிறது.

இந்தப் பின்னணியில்தான் நான் நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு உட்கார்ந்தேன். வேகம், அளவு, மாதக் கட்டணம், மோடம் யார் தருவது என்று கட்டங்கள். பிஎஸ்என்எல் ஃபைபர்: 449 ரூபாய், 30 எம்பிபிஎஸ், 3,300 ஜிபி. அடுத்தது கேஃபோன். கேரள அரசு 1,548 கோடி ரூபாய் மதிப்பீட்டில் போட்டு, 2023 ஜூன் 5-ஆம் தேதி முதலமைச்சர் பினராயி விஜயன் திறந்து வைத்த சொந்த வலையமைப்பு. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசம் என்பது அதன் இலக்கு, மற்றவர்களுக்கு ஆரம்ப விலை 299 ரூபாய், 20 எம்பிபிஎஸ், 3,000 ஜிபி. பிறகு கேரளா விஷன். ஊர் ஊராகக் கேபிள் டிவி இழுத்துக்கொண்டிருந்த சின்ன ஆபரேட்டர்கள் கூடி உண்டாக்கியது, இன்று நாட்டிலேயே அதிக வயர் இணைப்பு வைத்திருக்கும் கம்பெனிகளின் பட்டியலில் பெரிய முதலாளிகளுக்கு அடுத்து நிற்கிறது. கம்பியே வேண்டாம் என்றால் 2023-இல் வந்த ஏர்ஃபைபர் இருக்கிறது. ஆனால் அதற்கு டவரின் முகம் வீட்டுக்குத் தெரிய வேண்டும். அக்கா வீட்டுக்குத் தெரிவது தேயிலையும் அடுத்த மலையின் முதுகும். 2025 ஜூனில், சாட்டிலைட் வழியாக நெட் தரும் ஸ்டார்லிங்குக்கு உரிமம் கிடைத்த செய்தியையும் ஓரத்தில் எழுதினேன். வானம் மட்டும் எங்களுக்குத் தாராளமாகத் தெரியும்.

கட்டம் நிரம்ப நிரம்ப எனக்கு ஒரு மிதப்பு வந்தது. விளம்பரத்தில் இருக்கும் விலை என்பது பெண் பார்க்கப் போகும்போது சொல்கிற வயது மாதிரி, கொஞ்சம் கூட்டித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். 449-க்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டால் 530-ஐத் தொடுகிறது. எம்பிபிஎஸ் என்பதை எட்டால் வகுத்தால்தான் நொடிக்கு எத்தனை எம்பி இறங்கும் என்று தெரியும். 30 என்பது மூன்றே முக்கால். 'அன்லிமிடெட்' என்று எழுதிய சில பிளான்களில், அளவு தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸுக்கு இறங்குகிறது. 2004-இல் பிராட்பேண்ட் என்ற பெயருக்குக் குறைந்தபட்சத் தகுதி என்று நிர்ணயித்த வேகத்தில் கால் பங்கு. இன்று அந்தப் பெயருக்குக் குறைந்தபட்சத் தகுதி 2 எம்பிபிஎஸ். ஆக, அன்லிமிடெட் என்பதற்கு இங்கே பொருள், முடிவில்லாமல் காத்திருக்கலாம் என்பது.

ஒரு கம்பெனியின் தளத்தில் பின்கோடு கொடுத்ததும் 'வாழ்த்துகள், உங்கள் பகுதியில் சேவை உண்டு' என்று வந்தது. அடிவாரத்துக் கடைவீதிக்கும் எங்கள் சரிவுக்கும் அதே பின்கோடுதான் என்பதும், நடுவில் 22 வளைவு இருப்பதும் அந்தக் கணினிக்குத் தெரியாது. இலவச எண்ணில் பேசிய பெண் எந்த ஊரிலிருந்தோ, "சார், லேண்ட்மார்க் சொல்லுங்க" என்றாள். "இருபத்திரண்டாம் வளைவு" என்றேன். "எந்த மாலுக்குப் பக்கத்துல சார்?" என்றாள்.

நோட்டை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். அக்கா மேலோட்டமாகப் புரட்டிவிட்டு அத்தானிடம் கொடுத்தாள். அத்தான் கண்ணாடி போட்டு வாசித்துவிட்டு, "எல்லாம் சரி. மழை பெஞ்சா யாரு வருவா?" என்று கேட்டார். அதற்கு நான் கட்டம் போட்டிருக்கவில்லை.

அந்தக் கேள்விதான் மலையின் கேள்வி. இடவப்பாதிக்கு மரம் விழும். வடகிழக்குப் பருவமழையான துலாவர்ஷத்துக்கு இடி விழும். கண்ணாடி இழை இடியைக் கடத்தாதுதான், பழைய செப்புக் கம்பி மாதிரி அது மோடத்தைச் சுட்டுவிடாது. ஆனால் மோடத்தின் வால் சுவரில் செருகப்பட்டிருக்கிறதே, இடி அந்த வழியாக வந்துவிடும். 2022-இல் மழையில் 12-ஆம் வளைவை ஒட்டிச் சாலையே சரிந்து மாதக்கணக்கில் வண்டிப் போக்குவரத்து நின்றது. அப்படிப்பட்ட இடத்தில் 30 எம்பிபிஎஸ்ஸா 100 எம்பிபிஎஸ்ஸா என்று ஒப்பிடுவதும், அர்ஜெண்டா லைட்னிங்கா என்று ஒப்பிடுவதும் ஒன்றுதான். கம்பி அறுந்து கிடக்கும்போது எல்லா பிளானும் ஆர்டினரி.

கீழேயிருந்து ஒரு பையனை அத்தான் வரவழைத்தார். பழைய லயத்துக் குடும்பம்தான், இப்போது விதுராப் பக்கம் குடியிருக்கிறார்கள். நான் எழுதி வைத்திருந்த கம்பெனிகளில் ஒன்றின் பெயரைச் சொல்லி, அவர்கள் ஆள் யார் என்று கேட்டேன்.

"நாந்தான் மாமா."

இன்னொன்றின் பெயரைச் சொன்னேன்.

"அதுக்கும் நாந்தான். ரெண்டுக்கும் இழுக்கது ஒரே போஸ்ட்லதான். அந்த ஐடி கார்டு பைக்ல இருக்கு."

"அப்ப ரெண்டுல எது நல்லது?"

அவன் யோசித்தான். "மரம் விழுந்தா ரெண்டும் சேந்துதான் விழும் மாமா. நான் ஏறி வந்தா ரெண்டும் சேந்து சரியாவும்."

கடை மாறினாலும் பாதை மாறவில்லை என்று டயல்-அப் காலத்தைப் பற்றி எழுதினேனே, கால் நூற்றாண்டு கழித்து அதற்கு முன்னேற்றம் உண்டு. இப்போது பாதையோடு ஆளும் மாறுவதில்லை. அரசு, தனியார், கூட்டு முயற்சி, சந்தைப் போட்டி என்று நான் கோடு போட்டுப் பிரித்ததெல்லாம் அந்தப் பையனின் பைக் பெட்டிக்குள் ஒரே இழைக் கட்டாகச் சுருண்டு கிடந்தது. கம்பெனியே மின்சார வாரியத்தின் பங்காளியாக இருந்தாலும், தனியாருக்குச் சொந்தமாக இருந்தாலும், வீட்டு வாசலுக்கு வருகிற கடைசி இழை கேஎஸ்இபி என்கிற அந்த வாரியத்தின் போஸ்டைப் பிடித்துக்கொண்டுதான் வர வேண்டும். போஸ்ட் சாய்ந்தால் விளக்கும் நெட்டும் ஜோடியாகப் போகும்.

அந்தக் காலத்து லைன்மேன் சர்க்கார் உத்தியோகஸ்தர். தோளில் கம்பிச் சுருள், கையில் ஏணி, மாதச் சம்பளம், பென்ஷன். அவர் வரத் தாமதமானால் நாங்கள் துறையைத் திட்டுவோம். துறை அசைந்துகொடுக்காது. இந்தப் பையனுக்கு இணைப்புக்கு இவ்வளவு என்று கமிஷன், பெட்ரோல் சொந்தக் காசு. மாலையில் ஏறினால் யானை பயம். இவன் வரத் தாமதமானால் நாம் செயலியில் புகார் போடுவோம், நட்சத்திரம் குறைப்போம். அது உடனே இவன் வருமானத்தில் தெரியும். பணம் கட்டிய 7 நாளுக்குள் வயர் இணைப்பு கொடுக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024-இல் விதி வைத்திருக்கிறது. வருடக்கணக்கில் காத்திருந்த நாட்டுக்கு இது பெரிய பாய்ச்சல்தான். அந்த ஏழு நாளில் 22 வளைவும் ஏறுவது யார் என்று விதியில் இல்லை.

அத்தான் இரண்டில் ஒன்றைச் சொன்னார். அதற்குக் காரணம் வேகமும் இல்லை, விலையும் இல்லை. அந்தக் கம்பெனி பையனுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கமிஷன் தருகிறதாம். "அவனுக்கு நாலு காசு நிக்கட்டும். அப்பத்தான் மழையில நமக்கு ஏறி வருவான்." வாடிக்கையாளர் சேவை என்பதை இவ்வளவு சுருக்கமாக விளக்கிய பேராசிரியர் யாரும் எனக்கு வாய்க்கவில்லை. என் நோட்டைப் பேத்தி வாங்கி, கடைசிப் பக்கங்களில் கணக்குப் போட்டாள்.

நெட் வந்தது. பேத்தி வகுப்புக்குப் பாறை ஏறுவதில்லை. அத்தான் பழைய பாட்டு கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் சாலையில் வண்டியை நிறுத்தி இறங்குகிறவர்கள், "ஹப்பா, இங்கதான் நிம்மதி, நெட்டே இல்ல" என்று வாயாரச் சொல்லிவிட்டு, அந்த நிம்மதியைப் படம் எடுத்து உடனே அனுப்புவதற்காக அக்காவிடம் வைஃபை பாஸ்வேர்டு கேட்கிறார்கள். டீ குடித்தால் கொடுக்கிறாள்.

போன மாதம் பில் செயலியைத் திறந்து அக்காவுக்குக் காட்டினேன். 3,300 ஜிபியில் வீடு முழுக்கச் செலவழித்தது நூறைத் தொடவில்லை. டிவியில் மணிக்கு 3 ஜிபி இழுக்கும் துல்லியத்தில் படம் பார்த்தாலும் 3,300 ஜிபியைத் தீர்க்க 1,100 மணி நேரம் வேண்டும், மாதத்தில் இருப்பதே 720 மணி நேரம் என்று விளக்கினேன். நாங்கள் 400 எம்பியை எண்ணி எண்ணிச் செலவழித்த கதையையும் சொன்னேன். அக்கா பொறுமையாகக் கேட்டாள். ரேஷன் கார்டோடு ஐம்பது வருடம் குடும்பம் நடத்தியவள். அவள் சந்தேகம் வேறாக இருந்தது.

"நாம வாங்காத அரிசிய ரேஷன் கடைக்காரன் என்ன செய்வான்னு எனக்குத் தெரியும். இந்த மிச்சத்த இவனுவ என்னலே செய்யானுவ?"